மீனை நிறுக்கலாம், கூட்டுழைப்பை?

முந்தல் பிரதேசத்தின் கரைவலைகளும் இறால் பண்ணைகளும் கற்பிக்கும் ஒரு கணக்கு

வருஷ முடிவில் ஒவ்வொரு கந்தோரிலும் ஒரு சடங்கு நடைபெறுகிறது. அச்சடித்த படிவம் ஒன்று மேசைக்கு வருகிறது, உத்தியோகத்தரின் ஊக்கம், நேரந்தவறாமை, ஒத்துழைக்கும் குணம் முதலிய லட்சணங்களுக்கு எதிரே மேலதிகாரி புள்ளியிடுகிறார், கையொப்பம் விழுகிறது, படிவம் கோவைக்குள் உறங்கப் போகிறது. ஆளுக்கு ஆள் புள்ளி கிடைத்துவிடுகிறதேயன்றி, அந்த ஆட்கள் ஒன்றுகூடிச் செய்த வேலை எவ்வாறு அமைந்தது, பத்துப் பேர் சேர்ந்தபோது பத்துப் பேரின் வலிமை வெளிப்பட்டதா, அல்லது அது எட்டாகவும் ஏழாகவும் தேய்ந்து போயிற்றா என்பதை அந்தப் படிவம் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடி முகாமைத்துவக் கல்லூரிகளின் வாயிலில் நிற்பவர்கள், கொழும்பிலிருந்து புத்தளத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் சிலாபத்தைக் கடந்து முந்தலில் இறங்கி, அங்கிருந்து மேற்கே களப்பைத் தாண்டிக் கடற்கரைக்குச் செல்வார்களாயின், அவர்களுடைய பாடப்புத்தகங்களின் பாதிப் பகுதியைக் கண்முன்னே நடமாடக் காண்பார்கள். பலர் சேர்ந்து செய்யும் தொழிலின் பலனில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு, ஏற்பாட்டின் பங்கு எவ்வளவு, கூட்டத்தாரின் சொந்த முயற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாதவன் எந்தக் கூட்டத்தையும் மதிப்பிடத் தகுதியற்றவன் என்பதே இக்கரை கற்பிக்கும் பாடம்.

கரை என்னும் தொழிற்கூடம்

முந்தல் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த உடப்பு, மேல்கரையில் தமிழ் பேசும் இந்துக்கள் பெருந்தொகையாக வாழும் பழைய மீனவக் கிராமம். திரௌபதை அம்மன் கோயிலும் வருடாந்தத் தீமிதிப்பும் அதன் பெயரை இலங்கை முழுவதும் பரப்பியிருக்க, கரைவலைத் தொழிலும் அத்தொழிலோடு கூடப் பிறந்த அம்பாப் பாடலும் நாட்டார் வழக்குகளை ஆராய்வோரின் கவனத்தை அந்த ஊரின்பால் ஈர்த்தன. தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றம் அடங்கி, ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரை கடல் சாந்தமாயிருக்கும் மாதங்களே இத்தொழிலின் பருவம்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திராதவர்களுக்கு அதன் முறையைச் சற்று விவரிக்க வேண்டும். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் செல்லும் தோணி, கயிற்றையும் அதைத் தொடர்ந்து வலையின் ஒரு கையையும், நடுவிலுள்ள மடியையும், மறு கையையும் பிறைவடிவாக வளைத்து நீரில் இறக்கிக்கொண்டே போய், மறுகயிற்றின் நுனியோடு சற்றுத் தூரத்திலுள்ள வேறோர் இடத்தில் கரை சேருகிறது. அதன்பின் ஒரு நுனிக்கு ஒரு கூட்டமாக இரு கூட்டத்தார் இரு கயிறுகளையும் பற்றி இழுக்க, வலை கரையை நெருங்க நெருங்க அவ்விரு கூட்டங்களும் மணலில் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வந்து, கடைசியில் மடி கரையேறும் வேளையில் ஒரே கூட்டமாகிவிடுகின்றன. மணிக்கணக்காக நீளும் இந்த வேலையில் ஒரு பக்கத்தார் விரைந்தும் மறுபக்கத்தார் மெத்தனமாகவும் இழுத்தால் மடி சாயும். வலையின் அடிக்கயிறு தரையை விட்டு எழும்பினால் உள்ளே அகப்பட்ட மீன் கீழ்வழியாகத் தப்பும். ஆகவே பலமாக இழுப்பதைக் காட்டிலும் சமமாக இழுப்பதே இங்கு பிரதானம்.

வலைக்கும் தோணிக்கும் உடைமைக்காரர் சம்மாட்டி. கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் நோக்கி, எப்போது வலை வளைப்பது, எந்தப் பக்கம் தளர்த்துவது, எந்தப் பக்கம் இறுக்குவது என்று தீர்மானிப்பவர் மண்டாடி. அவர்களுக்குக் கீழே கயிறு பிடிக்கும் தொழிலாளர் இருபது முப்பது பேர். முதலீடு ஒருவரிடம், அறிவு ஒருவரிடம், உடலுழைப்பு பலரிடம் என்று பிரிந்து நிற்கும் இந்த அமைப்பை ஒரு ஸ்தாபனம் என்று அழைப்பதில் பிழையில்லை.

இந்த ஸ்தாபனத்தின் திறமையை அன்றைய மீனை நிறுத்துப் பார்த்து முடிவு செய்துவிடலாமா? கரையில் நிற்கும் எவரும் அதற்கு இணங்கமாட்டார். ஒரே கூட்டம், ஒரே வலை, வலை வளைக்கும் கரைப்பகுதியாகிய பாடும் ஒன்றே. காலையில் வளைத்த வலையில் சாளையும் சூடையும் நெத்தலியும் குவிய, அடுத்த நாள் அதே முயற்சிக்குப் பாசியும் சில காரலுமே கிடைப்பதுண்டு. ‘இன்றைக்கு மீன்பாடு இல்லை’ என்று அவர்கள் சொல்லும்போது பழி கடலின்மேல் விழுகிறதே தவிரக் கயிறு பிடித்தவர்மேல் விழுவதில்லை. மடி சாய்ந்து மீன் தப்பிய நாளிலோ எவ்வளவு மீன் கிடைத்திருந்தாலும் மண்டாடியின் வாயிலிருந்து வசவு தப்பாது. விற்பனை பெருகிய வருஷத்தில் எல்லாரும் சமர்த்தர்கள் என்றும், சந்தை சரிந்த வருஷத்தில் எல்லாரும் சோம்பேறிகள் என்றும் தீர்ப்பளிக்கும் நவீன ஸ்தாபனங்கள் பலவற்றுக்கு, படிப்பறிவு குறைந்தவர்கள் என்று நாம் எண்ணும் இந்த மனிதருக்குள்ள நிதானம் இல்லை.

கயிறு இழுக்கச் செய்து அளந்தவர்

கயிறு இழுப்பவர்களைக் கொண்டே கூட்டுழைப்பை முதன்முதலாக அளந்தவர் பிரான்ஸ் தேசத்து விவசாயப் பொறியியலாளர் மாக்ஸிமிலியன் ரிங்கல்மன் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. பண்ணை வேலைக்கு மனிதர், எருது, யந்திரம் ஆகியவற்றுள் எது எவ்வளவு பிரயோஜனமானது என்று அறிவதற்காக, 1880களில் அவர் இளைஞர்களைக் கயிறு இழுக்கச் செய்து அந்த விசையைக் கருவியால் அளந்தார். முடிவுகள் 1913இல் அச்சேறின. தனியே இழுத்தபோது ஒருவர் சராசரியாக 85.3 கிலோகிராம் விசையைச் செலுத்தினார்; ஏழு பேர் சேர்ந்தபோது தலைக்கு 65 ஆகவும், பதினான்கு பேர் சேர்ந்தபோது 61.4 ஆகவும் அது குறைந்தது. மாவாலை ஒன்றின் சுழல்தண்டைத் திருப்பிய கைதிகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்: பக்கத்தில் இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில், ஒவ்வொருவனும் தண்டைச் சுழற்றுவதற்குப் பதிலாகத் தண்டோடு சேர்ந்து தான் சுழன்றுகொண்டிருந்தானாம்.

இந்த நஷ்டத்துக்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். பலரும் ஒரே கணத்தில் இழுக்காமையால் விசை சிதறுவது ஒன்று. கூட்டத்தில் மறைந்து நின்று மனத்தைத் தளரவிடுவது மற்றொன்று. 1974இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்திய ஒருவரிடம் பின்னால் பலர் இழுப்பதாக நம்பச் செய்துவிட்டு, உண்மையில் அவரை மட்டும் இழுக்கவைத்தார்கள். சிதறுவதற்கு வேறு எவருமே இல்லாதபோதும் அவருடைய விசை குறைந்தது. 1979இல் லத்தானே முதலிய உளவியலாளர் கைதட்டலையும் கூச்சலையும் கொண்டு செய்த பரீட்சையில், ஆறு பேர் கூடியபோது தலைக்கு எழுந்த ஓசை, தனியே எழுப்பிய ஓசையின் 40 விழுக்காடாகச் சுருங்கியது. ஒவ்வொருவரின் முயற்சியும் தனித்தனியே அடையாளம் காணப்படும் என்று அறிந்தபோது அந்தச் சோம்பல் பெரிதும் அகன்றது என்பதும் அதே ஆராய்ச்சித் தொடரின் முடிவு.

இந்த இரண்டு வியாதிகளில் முதலாவதற்குக் கரையோரத்து மக்கள் கண்ட ஔஷதம் அம்பா. முன்னவர் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடும் வேளையில், எந்த அசையில் மூச்சைப் பிடிப்பது, எந்த அசையில் பின்வாங்குவது என்பது எவரும் கட்டளையிடாமலே நிச்சயமாகிவிடுகிறது. தெய்வத்தைப் பரவும் அடிகளும் களைப்பை மறக்கடிக்கும் அடிகளும் கலந்து வரும் அந்தப் பாட்டு, இருபது உடல்களின் விசையை ஒரு கணத்தில் கொண்டுவந்து குவிக்கிறது. இரண்டாவது வியாதிக்குக் கயிறே காவல்காரன். முன்னால் நிற்பவனும் பின்னால் நிற்பவனும் தளர்ந்தால் நடுவில் நிற்பவன் தோளுக்கு அந்தப் பாரம் உடனே தெரிந்துவிடும். மேற்பார்வையாளர் குறிப்பெடுத்து மாதக் கடைசியில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆதலால் ஒரு கூட்டத்தைப் பரிசீலிக்க வருபவர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் தாளத்தை. ஒருவர் முடித்த வேலை மற்றவர் கைக்கு எப்போது போகிறது, அங்கே அது எத்தனை நாள் முடங்கிக் கிடக்கிறது, ஒரே வேலையை இருவர் அறியாமல் இருமுறை செய்கிறார்களா என்று பார்த்தால், ஆட்களின் குறைபாடு என்று நாம் நினைத்தவற்றில் பெரும்பகுதி ஒத்திசைவின் குறைபாடே என்பது விளங்கும்.

அன்றாடம் நடக்கும் பரீட்சை

மடி கரையேறியபின் நடப்பது இன்னும் முக்கியமானது. மீன் அங்கேயே எல்லார் கண்முன்னும் விலை பேசப்படுகிறது, செலவு கழிக்கப்படுகிறது, எஞ்சியதில் வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு சம்மாட்டிக்குப் போக, மிச்சம் தொழிலாளருக்குப் பிரிகிறது. விகிதம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் கணக்கு ஒளிவு மறைவின்றி நடைபெறுவது பொதுவான வழக்கம். இழுக்க ஒரு கை கொடுத்த முதியவருக்கும் கறிக்கு மீன் கிடைக்கிறது. எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு போயிற்று என்பது அன்றைக்கே தெரிந்துவிடுவதால், தன் உழைப்புக்கும் தன் பங்குக்கும் உள்ள சம்பந்தத்தை ஒவ்வொருவனும் தானே கணக்கிட்டுக்கொள்கிறான். திரும்பத் திரும்பத் தளர்பவனை மறுநாள் யாரும் அழைப்பதில்லை. பங்கில் வஞ்சனை செய்யும் சம்மாட்டியின் கயிற்றைப் பிடிக்க ஆளும் சேருவதில்லை.

இதை அப்படியே பொன்னுலகமாக வருணித்துவிடலாகாது. பருவத்துக்கு முன்னே சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய தொழிலாளி, அந்தக் கடன் தீரும் வரை விரும்பினாலும் வேறு வலைக்குப் போக முடிவதில்லை. ஆட்கள் விட்டுப் போகாமல் இருப்பதையே ஒற்றுமைக்கு அத்தாட்சியாகக் கொள்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. கந்தோரிலும் அடகுக்கடனும் பிள்ளைகளின் பாடசாலையும் ஓய்வூதியமும் மனிதரைக் கட்டிப்போடுகின்றன. அவர்கள் இருப்பது பிரியத்தாலா, வழியின்மையாலா என்று விசாரிக்காமல், வருகைப் பதிவேட்டைக் காட்டிப் பெருமை கொள்வதில் அர்த்தமில்லை.

கூட்டம் நல்லது, ஏற்பாடு தீயது

ஒவ்வொரு கூட்டமும் செம்மையாக இழுத்தும் எல்லாரும் ஏழையாவது கூடுமா? கூடும் என்பதற்குத் தென்கரையே சாட்சி. மாவெல்ல என்ற பெயரில் ஒரு மீனவக் கிராமத்தை ஆராய்ந்த மானிடவியலாளர் போல் அலெக்ஸாந்தர் அதனை விரிவாக எழுதினார். பின்னர் எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அம்மையார் 1990இல் வெளியிட்ட, பொதுவளங்களின் நிர்வாகம் பற்றிய நூலில் அதை எடுத்தாண்டார். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் பெற்று, அப்பரிசைப் பெற்ற முதற்பெண்மணியானவர் இவரே.

அக்கிராமத்தில் ஒவ்வொரு வலைக்கும் கரையைப் பயன்படுத்த முறை வரும். முறை சுற்றிவந்து நல்ல இடமும் நல்ல வேளையும் யாவருக்கும் சமமாகக் கிடைக்கும்படி விதிகள் அமைந்திருந்தன. நீதியில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் முறையுரிமை வலையைச் சார்ந்திருந்தமையால், மீன்விலை உயர்ந்த காலத்தில் பிள்ளைக்கும் பேரனுக்குமாகப் புதிய வலைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1940களின் தொடக்கத்தில் இருபதளவில் இருந்த வலைகள் 1971இல் நூற்றை நெருங்கிவிட்டன. கடலும் கரையும் அதேயளவில் இருக்க, ஒரு வலைக்கு முறை வருவது அரிதாகி, முதலெல்லாம் மணலில் காய்ந்தது. வலைகளின் தொகையை மட்டுப்படுத்தும் சட்டம் ஏட்டில் இருந்தும் நடைமுறையில் செல்லவில்லை. அந்த வேளையில் ஒரு கூட்டத்தின் வருமானம் வீழ்ந்ததைக் கண்டு அக்கூட்டத்தாரைச் சோம்பேறிகள் என்று பழித்தவர் இருந்திருப்பாராயின், அவர் நோயை விட்டு நோயாளியைத் தண்டித்தவராவார். மேலிடத்து ஏற்பாடு கெட்டிருக்கும்போது கீழே கயிறு பிடிப்பவருக்குப் புள்ளி குறைப்பது இன்றும் பல ஸ்தாபனங்களில் நடக்கும் அநீதி.

களப்பு சொன்ன உண்மை

கடற்கரையிலிருந்து மீண்டும் களப்புப் பக்கம் வந்தால் வேறொரு விதமான கூட்டுழைப்பு நமக்குக் காத்திருக்கிறது. 1980களில் புத்தளம் மாவட்டத்தில் பரவத் தொடங்கிய இறால் பண்ணைகள், முந்தல் களப்பையும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயையும் அண்டி வளர்ந்தன. ஒரு பண்ணைக்காரர் தம் குளத்துக்கு நீர் எடுப்பதும் அந்த நீர்நிலையிலிருந்து. அயலார் தம் குளத்துக் கழிவு நீரை விடுவதும் அதே நீர்நிலைக்குள். வேலிகளால் பிரிந்திருந்தபோதிலும் நீரால் அவர்கள் யாவரும் ஒரே குடும்பத்தினர். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது இந்த உறவு பயங்கரமாக வெளிப்பட்டது. ஒரு குளத்தில் தோன்றிய கிருமி கால்வாய் வழியே அடுத்த குளங்களைத் தொட, தொழிலே நிலைகுலைந்தது.

அந்த அநுபவத்தின் பயனாக, பண்ணைக்காரர் சங்கங்களும் தேசிய நீர்வாழ் உயிரினவளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் சேர்ந்து, பிரதேசத்தை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று பயிர் நாட்காட்டி வகுக்கும் முறையைக் கைக்கொண்டன. குஞ்சுகள் விடுமுன்னர் நோய்க்கிருமி இல்லையென்று ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்படுகின்றன. எனினும் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு மெல்லிய நூலில் தொங்குகிறது: தன் குளத்தில் இறால் கரையொதுங்குவதை முதலில் காணும் பண்ணைக்காரர், அதை அன்றைக்கே அயலாருக்குச் சொல்வாரா, அல்லது நீரைத் திறந்துவிட்டு வாய் மூடி இருப்பாரா? சொன்னால் அவமானமும் நஷ்டமும் தனக்கு, சொல்லாவிட்டால் நஷ்டம் ஊருக்கு என்ற நிலையில், சொல்பவரைத் தண்டிக்காத சங்கமே ஊரைக் காப்பாற்றுகிறது.

இதே உண்மையை வைத்தியசாலைகளில் கண்டவர் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர். மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை அவர் கணக்கெடுத்தபோது, நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள குழுக்களிலேதான் தவறுகளின் எண்ணிக்கை அதிகமாகக் காணப்பட்டது. 1996இல் வெளியான அந்த ஆராய்ச்சி, நல்ல குழுக்கள் அதிகமாகத் தவறுகின்றன என்பதைவிட, அவை தவறுகளை மறைக்காமல் பேசுகின்றன என்பதே பொருத்தமான விளக்கம் என்று கொண்டது. பிழைப் பதிவேடு வெறுமையாக இருக்கும் பகுதிக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கும் அதிகாரி, மௌனத்துக்குப் பரிசளிக்கிறார் என்பதை அறியவேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணமுண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, 2000ஆம் ஆண்டு தொடங்கி, ‘ஐந்து எஸ்’ என்ற ஜப்பானிய ஒழுங்குமுறையைக் கைக்கொண்டது. தாதியரும் சிற்றூழியரும் வைத்தியரும் சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் பகுதியின் குறைகளைத் தாங்களே கண்டு தாங்களே திருத்தும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பிற்காலத்தில் ஜப்பானிய உதவி நிறுவனத்தின் வாயிலாக ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் சுகாதார உத்தியோகத்தருக்கு அது முன்மாதிரியாயிற்று. பணம் குறைந்த ஒரு பொது வைத்தியசாலை இவ்வாறு சர்வதேசக் கவனத்தைப் பெற்றமைக்கு, மதிப்பிடும் வேலை வேலை செய்பவர் கையிலேயே இருந்தது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

யந்திரம் வந்தபின்

இப்போது கரைவலைப் பாடுகளில் உழவு யந்திரத்தின் சுழல்கருவி கயிற்றை இழுக்கத் தொடங்கிவிட்டது. கடலின் அடித்தளத்துக்கும் குஞ்சு மீனுக்கும் கேடு என்பது ஒரு சாராரின் வாதம். கயிறு பிடிக்க ஆளில்லை, இளைஞர் வெளிநாட்டுக்கும் நகரத்துக்கும் போய்விட்டனர், யந்திரத்தைத் தடுத்தால் தொழிலே அற்றுப்போகும் என்பது மறுசாராரின் வாதம். அரசின் கட்டுப்பாடும் மீனவரின் அனுமதிக் கோரிக்கையும் அண்மைக்காலத்தில் அடிக்கடி செய்தியாகி வருகின்றன.

யார் பக்கம் நியாயம் என்பதை நிபுணர்கள் தீர்க்கட்டும். நம் விஷயத்துக்கு வேண்டியது வேறு. இருபது பேர் செய்த வேலையை இரண்டு யந்திரம் செய்யும்போது அளவுக்கருவிக்கு அகப்படுவது விசையும் நேரமும். அகப்படாமல் போவது, எந்த நீரோட்டத்தில் எந்தப் பக்கம் தளர்த்தவேண்டும் என்று பதினைந்து வயதிலிருந்து கயிறு பிடித்தவன் தன்னையறியாமல் கற்றுக்கொண்ட வித்தை. இன்றைய இழுப்பாளருள் ஒருவனே நாளைய மண்டாடி என்பதால், அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்ட பின் அடுத்த மண்டாடி எங்கிருந்து வருவார் என்று எந்தக் கணக்கேடும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்ட அறிஞர் ஒருவர் உண்டு. விமானிகளின் குழுக்களையும் இசைக் குழுக்களையும் பல்லாண்டு ஆராய்ந்த ஹார்வர்ட் பேராசிரியர் ரிச்சர்ட் ஹாக்மன், ஒரு குழுவை மூன்று வினாக்களால் அளக்கவேண்டும் என்றார்: அதன் வேலையைப் பெறுபவர் திருப்தியுற்றனரா, சேர்ந்து வேலை செய்யும் ஆற்றல் அந்தக் குழுவுக்கு முன்னைவிடக் கூடியதா, அதில் இருந்தமையால் அதன் அங்கத்தினர் அறிவிலும் மனநிறைவிலும் வளர்ந்தனரா. முதல் வினாவை மட்டும் கேட்கும் ஸ்தாபனம், இவ்வருஷத்து அறுவடைக்காக விதைநெல்லைக் குற்றி உண்பதைப் போன்றது.

பரிசீலிப்பவர் செய்யத்தக்கது

முந்தலிலுள்ள ஒரு சிறு கந்தோரின் தலைவரும் பெரும் ஆலையொன்றின் முகாமையாளரும் இவ்வனைத்திலிருந்தும் பெறக்கூடிய நடைமுறை ஒன்றே. முதலாவதாக, பலனைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லாமல், அதில் சந்தை, காலநிலை, மேலிடத்து உத்தரவு ஆகியவற்றால் வந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கவேண்டும். பிறகு, வேலை கைமாறும் இடங்களில் நின்று தாளம் தப்புகிறதா என்று கவனிக்கவேண்டும். கடந்த மூன்று மாதங்களில் கெட்ட செய்தி எதுவும் தம் காதுக்கு வரவில்லையென்றால், அதற்காக மகிழாமல் அஞ்சவேண்டும். பாராட்டும் ஊதியமும் எந்தக் கணக்கில் பிரிகின்றன என்பதை அங்கத்தினர் எல்லாரும் அறிவார்களா என்று விசாரிக்கவேண்டும். ஒரு வருஷத்துக்கு முன் கயிறு மட்டும் பிடித்தவருள் இன்று மண்டாடியின் பக்கத்தில் நிற்கத் தகுதி பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணவேண்டும்.

இவ்வளவையும் செய்தபின், கண்டதைக் கோவைக்குள் பூட்டிவைக்காமல், சம்பந்தப்பட்டவர் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, அவர்கள் முன்னிலையில் சொல்லி, அவர்கள் மறுப்பதையும் கேட்டுத் திருத்திக்கொள்ளவேண்டும். உழைத்தவர்கள் தாமே சரிபார்க்க முடியாத மதிப்பீட்டை அவர்கள் நம்பமாட்டார்கள். நம்பாத மதிப்பீட்டால் எந்தக் கூட்டமும் திருந்தியதில்லை.